ஏலத்தில் எடுத்த வெளிநாட்டவர் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொன்னால்?

ஆற்காட்டில் வாங்கிய பழைய பித்தளைக் குத்துவிளக்கை ஈபே இணைய ஏலத்தில் எடுத்த ஜெர்மானியர், சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று போட்டு விலையையும் குறைத்தெழுதச் சொல்கிறார், அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அங்கே 45 யூரோ வரையிலான இறக்குமதி வரிச் சலுகை, ஒருவர் பணம் பெறாமல் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசுக்கே உரியது. விற்ற பொருளுக்கு அப்படி எழுதுவது பொய்யான உறுதிமொழி என்பதோடு, பார்சல் வழியில் தொலைந்தால், குறைத்தெழுதிய மதிப்புக்கு மேல் நீங்கள் இழப்பீடு கேட்கவும் வழியிராது. ‘பித்தளை விளக்கு, பழையது, 1’ என்று எழுதி, ஏலம் முடிந்த விலையை அப்படியே குறிப்பிடுங்கள்; இறக்குமதி வரி வாங்குபவருடையது என்பதை இனி ஏல அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. விளக்கின் வயதில் ஐயமிருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே வேலூர் தலைமை அஞ்சலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.