பூக்கும் புகையிலை (பூவுக்காக வளர்க்கும் நிக்கோட்டியானா) விதை இரண்டு தடவை போட்டும் முளைக்கவில்லை. என்ன பிழை?

விதைக்கு மேலே மண் போட்டிருப்பீர்கள். அனேகமாக அதுதான் பிழை. நானும் அதையேதான் செய்தேன்.

கனடாவில், ஸ்காபரோவில் வீடு வாங்கிய வருடம், பின்வளவில் வைக்கவென்று விதை வாங்கினேன். கத்தரி விதை மாதிரி அரை அங்குலம் மண் போட்டு மூடினேன். மூன்று கிழமையாகியும் தட்டில் ஒன்றுமில்லை. அப்பா வந்து பார்த்தார். "விதையைத் தாட்டுப்போட்டியே? அதுக்கு வெளிச்சம் வேணும்" என்றார். யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் முப்பது வருடம் புகையிலை செய்த மனிதர். விதை தூள் மாதிரி, ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு சிட்டிகையைக் காய்ந்த மணலோடு கலந்து ஈரமண்ணின் மேல் தூவினார், உள்ளங்கையால் மெல்ல அமர்த்தினார், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் பச்சைப் புள்ளிகள்.

இங்கே மார்ச் நடுவில் வீட்டுக்குள் போடுங்கள். 20 முதல் 24 பாகை செல்சியஸ் சூடு போதும். தண்ணீரைத் தட்டுக்குக் கீழே ஊற்றுங்கள், மேலே ஊற்றினால் விதை அடிபட்டுப் போகும், கன்றும் அடி அழுகிச் சாயும். உறைபனி முடிந்த பிறகு, மே கடைசியில் வெளியே நடலாம். கடையில் பூவோடு விற்கும் குட்டை ரகங்களில் பலவற்றுக்கு வாசம் குறைவு. வாசமுள்ள இனங்களான நிக்கோட்டியானா அலாட்டா அல்லது சில்வெஸ்ட்ரிஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

புகையிலை வளர்க்கலாமா என்று பாடம் எடுக்க யாராவது வருவார்கள். நான் வாழ்நாளில் சுருட்டைத் தொட்டதில்லை. இது பூவுக்காக வளர்ப்பது. ஆனால் நஞ்சு உண்மை, இலையிலும் நிக்கோட்டின் உண்டு. சின்னப் பிள்ளைகளும் நாயும் போகாத இடத்தில் வையுங்கள். தக்காளிக்குப் பக்கத்தில் வேண்டாம், இலையில் திட்டு விழும் தேமல் நோயும் புழுவும் இரண்டுக்கும் பொது.

ஊரில் மொட்டு வந்தவுடன் கிள்ளிவிடுவார்கள், இலை தடிக்க வேண்டுமே. விதைக்கென்று நாலைந்து செடியை மட்டும் விடுவார்கள். அதனால் ஒரு வரிசை முழுக்கப் பூத்து நிற்பதை அப்பா இங்கேதான் முதலில் பார்த்தார். ஜூலையில் ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். அதுவரை கதிரையில் காத்திருப்பார், பூ விரிந்து வாசம் எழும்பி அந்துப்பூச்சி வரும் வரைக்கும்.

  

சரி, மூன்றாம் தடவை போடும்போது மணலோடு தூவுங்கள். பதினைந்து, இருபது நாள் வரை தட்டைக் கிளறாதீர்கள்.