தோட்டப்புற ஊரில் ஹோம்ஸ்கூல்: முதலில் யோசிக்க வேண்டியது தமிழைப் பற்றி

கேள்வி: மலேசியாவில் ஒரு சிறிய தோட்டப்புற ஊரில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அப்படிப் படிக்கும் வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போகும்? முன்கூட்டியே எதை யோசித்து வைக்க வேண்டும்?

பதில்: நாங்கள் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது. மகளுக்கு ஆஸ்துமா. மகன் எழுத்துக் கூட்டி வாசிக்கவே ரொம்பச் சிரமப்பட்டவன். இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். கணவர் செம்பனைப் பழ (பாமாயில் எடுக்கும் பழம்) லோரி ஓட்டுகிறார். நான் கல்யாணத்துக்கு முன்பு பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழைப் பற்றி யோசித்து வையுங்கள். ஹோம்ஸ்கூல் என்றதும் எல்லாரும் கேட்பது சட்டம், பரீட்சை, பிள்ளைக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்களா என்பதைத்தான். அதற்கெல்லாம் வழி உண்டு, கீழே சொல்கிறேன். தமிழ் மட்டும் தானாக வராது. இந்த நாட்டில் ஒரு பிள்ளை காலை முதல் மதியம் வரை கணக்கையும் தமிழில் படித்து, சண்டையும் தமிழில் போடுகிற இடம் தமிழ்ப்பள்ளி ஒன்றுதான். அங்கிருந்து பிள்ளையை எடுக்கிறோம் என்றால், அந்த வேலை முழுவதையும் நம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதல் பாரம். ஹோம்ஸ்கூலுக்கென்று கிடைக்கும் கிறிஸ்தவப் பாடநூல்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம், பெரும்பாலும் அமெரிக்காவில் அச்சானவை. கணக்கில் டாலரும் அங்குலமும் வரும், அறிவியலில் பனிக்காலம் வரும். பாடம் நல்ல பாடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நாலைந்து வருடத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் ஜெபிக்கும், ஆங்கிலத்தில் வேதம் வாசிக்கும், தமிழ் ஆராதனையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து அறையில் பாட்டி கண்ணீரோடு அந்தப் பிள்ளைக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார், அதில் பாதி வார்த்தை பிள்ளைக்குப் புரியாது. எனக்குத் தெரிந்த வீடுகளில் இது நடந்திருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய இழப்பு தெரியவில்லை.

சரி, இப்போது சட்டம். 2003 முதல் ஆறு ஆண்டு ஆரம்பப் பள்ளிக் கல்வி இங்கே கட்டாயம். 1996 கல்விச் சட்டத்தில் 29ஏ பிரிவு. பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே பேசாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்வியமைச்சுக்கு விண்ணப்பித்து விலக்கு வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். 2025இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனால் பழைய அனுபவத்தை வைத்துச் சொல்கிறவர்களை நம்பாமல், இன்றைய நிலையை மாநிலக் கல்வி இலாகாவிலேயே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி எங்கள் நாள். காலையில் குடும்ப ஜெபம். கணவர் லோரி எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் என்பதால் இருட்டோடு இருட்டாக நடக்கும். வேதம் தமிழில் மட்டும்தான் வாசிப்போம், ஆளுக்குக் கொஞ்சமாக. வேதாகமத் தமிழ் பழைய நடை, வாக்கியங்கள் நீளம், பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். ஆனால் என் மகன் வாசிக்கப் படித்தது அதில்தான். ஒரே சங்கீதத்தை வாரக்கணக்கில் தினமும் பாட்டி சத்தமாக வாசிப்பார், அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். முழுவதும் அவனுக்கு மனப்பாடம் ஆன பிறகுதான் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தோம். அடுத்து என்ன சொல் வரும் என்று அவனுக்கு முன்பே தெரியும், எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி வாசிப்பான். பயம் போய்விட்டது. எழுத்தைப் பார்த்தாலே அழுத பிள்ளை இப்போது ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கிறான். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள், எந்தச் சங்கீதமானாலும் சரி, குட்டியாக இருந்தால் போதும்.

காலைப் பசியாறலுக்குப் பிறகு கணக்கு, ஆங்கிலம், அறிவியல். சின்னவனுக்கு ஒரு பாடம் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. சார்லட் மேசன் என்று ஓர் ஆங்கிலேயக் கல்வியாளர் இருந்தார், 1842இல் பிறந்து 1923இல் மறைந்தவர். கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் வீடுகளில் இன்றைக்கும் அவர் முறைக்கு மதிப்பு அதிகம். பாடம் குறுகியதாக இருக்க வேண்டும், படித்ததைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், வெளியே போய் இலையையும் பூச்சியையும் பார்த்து நோட்டில் வரைய வேண்டும் என்பார். நாங்கள் அதில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டோம். படிப்பது ஆங்கிலத்தில் என்றாலும் திருப்பிச் சொல்வது தமிழில், அதுவும் பாட்டியிடம். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் பிள்ளை உண்மையாகவே விளக்கித்தான் ஆகவேண்டும். அவர் விடாமல் கேள்வி கேட்பார். ஒளிச்சேர்க்கையைப் பாட்டிக்குப் புரிய வைத்துவிட்டால் பரீட்சையே தேவையில்லை. எங்கள் வீட்டுத் தமிழை இவ்வளவு தூரம் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாட்டி கேட்கிறவர் மட்டுமல்ல, சொல்லிக்கொடுக்கிறவரும் அவர்தான். மகள் மகரந்தச் சேர்க்கை படித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் கதையைச் சொன்னார். இளவயதில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் செம்பனையில் காய் சரியாகப் பிடிக்காது, பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் மகரந்தத் தூளைக் கையால் தூவ வேண்டும். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து இங்கே தோட்டங்களில் விட்டார்கள். செம்பனையின் சொந்த மண்ணில் அந்த வேலையைச் செய்துவந்தது அந்த வண்டுதான். அதற்குப் பிறகு கையால் தூவும் வேலைக்குத் தேவையே இல்லாமல் போனது. மறுநாள் என் பிள்ளைகள் ஆண் பூங்கொத்து ஒன்றில் அந்த வண்டு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். புத்தகத்தில் இருந்தது ஆப்பிள் பூவும் தேனீயும். வீட்டில் பாட்டியே ஒரு காலத்தில் அந்தத் தேனீயின் வேலையைச் செய்தவர் என்று தெரிந்ததும் மகள் அவரைப் பார்த்த பார்வையே வேறு.

அப்பாவின் பங்கு கணக்கு. ஆலை எடைமேடைச் சீட்டுகளை அவர் கொண்டுவந்து கொடுப்பார். பழத்தோடு லோரியின் எடை, காலி லோரியின் எடை, கழித்தால் பழத்தின் எடை. பழத்தின் எடையில் ஏறக்குறைய 20 விழுக்காடுதான் எண்ணெய், அதனால் விழுக்காட்டுக் கணக்குக்கு வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. வெட்டிய குலையை ஏன் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொல்லும்போது வேதியியலும் வந்துவிடும். பழம் அடிபட்டுக் கிடந்தால் அதிலிருக்கும் நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் ஆலையில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேக வைக்கிறார்கள். பெற்றோருக்குப் படிப்பு போதாது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தயங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்கள், பழம் வெட்டுகிறவர்கள் வீட்டில் அறிவியல் நிறையவே இருக்கிறது. பால் ஏன் விடியலில் நன்றாக வடியும், மங்கில் பிடித்த பாலில் அமிலம் ஊற்றினால் ஏன் உறைகிறது என்றெல்லாம் கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

வரலாற்றுக்கு எங்கள் ஊரே போதும். அரை மணி நேரத்தில் கோலகங்சார். விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து எடுத்துப்போன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் சிங்கப்பூர் வந்து, அவற்றில் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்ததற்கான காரணம் அந்த மரத்தின் கீழே நின்று சொன்னால் பிள்ளைக்குச் சீக்கிரம் புரிகிறது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தது, மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்தத் தொகுதியில் தேர்தலில் நின்றது, 1954இல் இங்குள்ள தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலையை நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலை இழந்த தொழிலாளர்களுக்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து தோட்டங்களையே வாங்கியது, எல்லாம் நடந்துபோய்ப் பார்க்கிற, பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற தூரத்தில் இருக்கிறது.

தமிழுக்கென்று தனியாகச் செய்வது: தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களையே பயன்படுத்துகிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகங்கள். மின்னல் எஃப்எம் செய்தியைக் கேட்டு மகள் நாலு வரி எழுதுவாள். குறளும் உண்டு. கிறிஸ்தவ வீட்டில் குறள் எதற்கு என்று ஒரு சகோதரி கேட்டார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அதன் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார், ஜி.யு.போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரண்டு பேரும் ஊழியக்காரர்கள். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு தமிழைக் குழந்தையாய் உட்கார்ந்து கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். வெளிநாட்டிலிருந்து வந்து அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், தமிழ் வீட்டில் பிறந்த நாம் அதைக் கைவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மலாய்க்கு எங்கள் வரிசையில் நாசி லெமாக் விற்கும் மக்சிக் (மலாய்க்கார அம்மா) இருக்கிறார். பிள்ளைகள் மாலையில் அவருக்குப் பொட்டலம் மடிக்கப் போவார்கள். அப்புறம் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுப் பரீட்சை) பரீட்சையைத் தனியார் தேர்வராக எழுதலாம், ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் மலாயும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும். அதனால் ஆங்கிலப் பாடநூலை மட்டும் நம்பி மலாயை விட்டுவிடாதீர்கள். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கலாம். மகள் இரண்டும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கூட்டாளிகள் விஷயத்தில் பயமே வேண்டாம். தோட்டப்புற ஊரில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் கஷ்டம். மாலையில் திடலில் பந்து, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு முறுக்கு, கிறிஸ்துமஸ் நேரத்தில் வீடு வீடாகக் கீதம் பாடப் போவது, எல்லாம் இருக்கிறது. தனிமை வருவது அம்மாவுக்குத்தான். சமையல், துணி, இரண்டு வகுப்புப் பாடம், நடுவில் இன்ஹேலர் எங்கே என்று தேடுவது. மத்தியானத்துக்குமேல் பேசவே தெம்பு இருக்காத நாள்கள் வரும். சபையில் ஒரே ஒரு அக்காவிடமாவது முன்பே பேசி, வாரத்தில் ஒரு மத்தியானம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை ஆரோக்கியமாக, சந்தோஷமாகத் தமிழ்ப்பள்ளிக்குப் போய்வருகிறது, ஆசிரியர்களும் அன்பாக இருக்கிறார்கள் என்றால், எடுக்க வேண்டாம் என்பேன். 150 மாணவர்களுக்குக் கீழே இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் நிறைய, தோட்டப்புறத்தில் ஒவ்வொரு தலையும் கணக்கு. காலை ஜெபமும் பாட்டியிடம் திருப்பிச் சொல்வதும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் செய்யலாம். எங்களைப் போல ஒரு காரணம் இருந்து, அனுமதியும் கிடைத்து ஆரம்பிப்பதாக இருந்தால், பாடநூலுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் வருகிற நீண்ட பள்ளி விடுமுறையில் காலை வாசிப்பையும் தமிழில் திருப்பிச் சொல்வதையும் மட்டும் செய்து பாருங்கள். வீட்டில் பாட்டி இல்லை என்றால் சபையில் ஆங்கிலம் தெரியாத ஒரு பெரியவரைப் பிடியுங்கள், சந்தோஷமாக உட்கார்ந்து கேட்பார்கள்.