வீட்டில் செய்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு தூரம் கேட்கும்? அனுமதி இல்லாமல் ஒலிபரப்பினால் மாட்டிக்கொள்வோமா?

கேள்வி கேட்ட தம்பி கடலூரில் டிப்ளமோ படிக்கிறாராம். வீடியோ பார்த்து ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்திருக்கிறார். அது பக்கத்து வீட்டைத் தாண்டவில்லை, தெரு முழுக்கக் கேட்க என்ன செய்யலாம் என்கிறார்.

தம்பி, தூரத்துக்கு அனுப்புவது பெரிய வித்தை இல்லை. அலையைச் சொன்ன இடத்தில் நிற்க வைப்பதும், வேறெங்கும் வழியாமல் பார்த்துக்கொள்வதும்தான் வித்தை. மாட்டிக்கொள்வீர்களா என்றால், தொடர்ந்து செய்தால் கண்டிப்பாக.

நான் கடலூர் திருப்பாப்புலியூரில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடையில் தொழில் கற்றவன். இப்போது பிழைப்பு புதுச்சேரியில், வேறு வேலை. சால்டரிங் அயர்ன் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

நீங்கள் செய்திருப்பது ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாகத்தான் இருக்கும். ஒரு பி.எஃப்.494 அல்லது 2என்2222 டிரான்சிஸ்டர், பேனா ரீஃபில் மேல் நாலைந்து சுற்று சுற்றிய செம்புக் கம்பி, அலைவரிசையைத் திருத்த ஒரு டிரிம்மர், ஒரு கண்டென்சர் மைக், 9 வோல்ட் பேட்டரி. பேசும்போது மைக்கிலிருந்து வரும் சின்ன வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டன்ஸை (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை) அசைக்கிறது, அதனால் அலைவரிசை அங்குமிங்கும் ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் எஃப்.எம். அழகான சர்க்யூட். ஆனால் குரலுக்கு ஆடுகிற அதே சர்க்யூட் மற்ற எல்லாவற்றுக்கும் ஆடும். கையைக் கிட்டே கொண்டுபோனால் ஆடும். பேட்டரி இறங்கினால் ஆடும். மாடி வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் வேறு ஸ்டேஷன் மேல் போய் உட்காரும். ஆன்டெனா கம்பி காற்றில் அசைந்தாலே போதும்.

இதை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒரு ஆம்பிளிஃபயர் சேர்த்துப் பவரை ஏற்றலாம் என்று வீடியோவில் காட்டுவார்கள். அங்கேதான் வினை. பவர் ஏறும்போது நீங்கள் நினைத்த அலை மட்டும் ஏறுவதில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 200-லும் 300-லும் அதன் எதிரொலி கிளம்பும். சர்க்யூட் சரியில்லை என்றால் இடையில் கண்ட இடத்திலும் முளைக்கும். நம் வயலுக்குத் திறந்த மடை பக்கத்து வயல்களையும் மூழ்கடிக்கிற கதை. எஃப்.எம். பட்டை 108-இல் முடிகிறது. முடிந்த இடத்திலிருந்தே விமானங்களின் வழிகாட்டி அலைகள் தொடங்குகின்றன, 118-லிருந்து 137 வரை விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசும் பேச்சு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. சின்ன ஊர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது, மேலே சென்னைக்குப் போகும் விமானமும் அதே பட்டையில்தான் பேசுகிறது.

தூரம் பற்றிக் கேட்டதால் ஒரு கணக்கு. திறந்த வெளியில்கூட, தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் பவரை நாலு மடங்காக்க வேண்டும். உயரம் அப்படியில்லை. ஆன்டெனா தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ரேடியோவின் தொடுவானம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அதனால்தான் நம்மூர்ப் பையன்கள் எல்லாருக்கும் ஒரு வயதில் கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கேப்பர் மலை ஞாபகம் வருகிறது. முறையாக அனுமதி பெற்ற சமுதாய வானொலிகளுக்கே உச்ச வரம்பு 100 வாட், கோபுரம் 30 மீட்டர். அதை வைத்துக்கொண்டே அவர்களுடைய ஒலிபரப்பு சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கிறது.

இந்த விஷயத்தில் இந்தியா முழுக்கப் பேசப்பட்டவர் பீகாரின் ராகவ் மஹதோ. வைஷாலி மாவட்டத்தில் மன்சூர்பூர் என்ற கிராமம். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். சில்லறைக் காசுக்குப் பாகங்கள் வாங்கி டிரான்ஸ்மிட்டர் செய்து, மூங்கில் கம்பத்தில் கட்டிக் கடையிலிருந்தே ஸ்டேஷன் நடத்தினார். பாட்டு, ஊர்ச் செய்தி, காணாமல் போனவர் அறிவிப்பு. சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் அவர்தான் வானொலி. 2006-இல் பத்திரிகைகளில் பேர் வந்தது, பேர் வந்ததும் அரசு வந்து மூடியது. அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அதே 2006 கடைசியில்தான் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று கொள்கையைத் தளர்த்தினார்கள். அதற்கு முன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். அப்படி வந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணியும் அந்த வழியில் வந்ததுதான். தனி நபருக்கு மட்டும் இன்றுவரை அனுமதி கிடையாது.

எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. தமிழ்நாட்டில் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி வைத்ததே பொழுதுபோக்காளர்கள்தான். 1924-இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார். 1927-இல் பணமில்லாமல் கிளப் படுத்துவிட்டது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள், 1930 முதல் மாநகராட்சி அதை வைத்து ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே அதற்குப் பிறகுதான்.

இப்போது போலீஸ் விஷயம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டமும் அனுமதியில்லாத டிரான்ஸ்மிட்டரைத் தடுத்தன. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றித் தொலைத்தொடர்பு அமைப்பை நிறுவினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. டிப்ளமோ படிக்கும் பையனுக்கு 2 கோடி போடுவார்களா என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு யூனிஃபார்மில் ஒருவர் வந்து நிற்பதே நம் அப்பா அம்மாவுக்குப் போதுமான தண்டனை. அதுவும் நம் கடற்கரை. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பல வருஷம் இந்தப் பக்கத்தில் 'வயர்லெஸ்', 'டிரான்ஸ்மிட்டர்' என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்லவே யோசிப்போம். கடை முதலாளி எங்களிடம் போட்ட ஒரே கண்டிப்பு, கடல் பக்கம் போகும்போது பையில் சர்க்யூட் போர்டு இருக்கக் கூடாது என்பதுதான்.

கண்டுபிடிப்பதும் எளிது. திசை காட்டும் ஆன்டெனாவோடு ஒரு இடத்தில் நின்று சிக்னல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வரைபடத்தில் ஒரு கோடு. தள்ளிப் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உங்கள் மொட்டை மாடி. ஹாம்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிய பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள், இதையே 'ஃபாக்ஸ் ஹன்ட்' என்று ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக ஆடுவார்கள்.

அந்தக் காலத்தில் கடலூரில் யாரும் நடத்தாமல் நடந்த ஒரு திருட்டு வானொலி உண்டு, அதைச் சொல்லாமல் போக மனசில்லை. மைக்செட்காரர்களிடம் இருந்த மலிவான கார்டுலெஸ் மைக்குகள் எஃப்.எம். பட்டையிலேயே வேலை செய்தன. கல்யாண மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளி ரேடியோவைத் திருப்பினால் நலங்கு, ஊஞ்சல் எல்லாம் வரும். வாழ்த்திப் பேச வந்தவர் பேசி முடித்து மைக்கை ஆஃப் செய்யாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பந்திக்குப் போவார். சாம்பாரில் உப்பு இல்லை என்பதிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு கேட்டார்கள் என்பது வரை தெருவுக்கே நேரடி ஒலிபரப்பு. இவ்வளவு ரசித்துக் கேட்ட நிகழ்ச்சி எந்த ஸ்டேஷனிலும் வந்ததில்லை.

உண்மையான கள்ள வானொலியைக் கேட்க வேண்டுமா? சட்டச் சிக்கலில்லாமல் வீட்டில் உட்கார்ந்தே கேட்கலாம். நெதர்லாந்தில் ட்வெண்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. மத்திய அலை, சிற்றலை எல்லாவற்றையும் நாமே திருப்பிக் கேட்கலாம், இலவசம். வார இறுதியில் 6200-லிருந்து 6400 கிலோஹெர்ட்ஸ் வரையும், மத்திய அலையின் மேல் ஓரத்தில் 1600-க்கு மேலும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அந்த நாட்டுக் கிராமத்துக்காரர்கள் கொட்டகையில் வைத்த வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் அக்கார்டியன் பாட்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலை என்றால் நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அவர்களும் சட்டத்தை மீறுகிறவர்கள்தான், மாட்டினால் அபராதம் உண்டு. ஆனால் சிலருடைய சிக்னலின் சுத்தத்தைக் கேட்டால் தொழில் தெரிந்தவன் என்று உடனே புரிந்துவிடும். ஹம் இருக்காது, அலை நகராது. எந்த நேரத்தில் என்ன பாட்டு கேட்டது, சிக்னல் எப்படி இருந்தது என்று எழுதி அனுப்பினால் சிலர் கேட்டதை உறுதி செய்யும் க்யூ.எஸ்.எல். அட்டையை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். இணைய ரிசீவர் வழியாகக் கேட்டதை அப்படியே சொல்லிவிடுங்கள். கடலூரில் சொந்த ஏரியலில் கேட்டேன் என்று கதை விட்டால் அவர்களுக்குத் தெரியாமல் போகாது.

கள்ள வானொலிகளில் பேர்போனது ரேடியோ கரோலின். 1964-இல் பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே கப்பலை நிறுத்திப் பாட்டு போட்டார்கள். அதை முடக்கவே 1967-இல் தனிச் சட்டம் வந்தது. 2017-இல் அதே கரோலினுக்கு முறையான உரிமம் கிடைத்தது. கொடுத்த அலைவரிசை 648 கிலோஹெர்ட்ஸ், ஒரு காலத்தில் பி.பி.சி. உலக சேவை ஒலித்த இடம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து போட்டில் போய்ச் செய்யலாமா என்று நாங்களும் பேசியிருக்கிறோம், பேச்சோடு சரி.

உள்ளூரில் அனுமதியோடு நடந்த ஒன்றும் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் கடலூர் மிதந்தபோது மாவட்ட நிர்வாகம் பேரிடர் கால வானொலி என்று 107.8-இல் ஒரு எஃப்.எம். தொடங்கியது. எங்கே நிவாரண முகாம், எந்த வேளையில் என்ன கிடைக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டுமே தேவையான செய்தி. சின்ன ஸ்டேஷனால் மட்டுமே செய்ய முடிகிற வேலை அது. 'தானே' புயல் அடித்த 2011 டிசம்பரில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உங்களுக்கு டிரான்ஸ்மிட்டர் செய்வதில்தான் ஆசை என்றால் ஹாம் உரிமம் வாங்குங்கள். 12 வயது முடிந்தால் தேர்வு எழுதலாம். தொடக்க நிலைக்கு வி.யூ.3 என்றும் உயர்நிலைக்கு வி.யூ.2 என்றும் தொடங்கும் அழைப்புப் பெயர் கிடைக்கும். பாட்டு போட முடியாது, ஒலிபரப்பு கூடாது, ஒருவரோடு ஒருவர் பேச மட்டும்தான். ஆனால் சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் கட்டலாம், அதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட்டை உலகம் முழுக்க வீட்டில் கட்டியிருக்கிறார்கள், சாதாரணக் கடைப் பாகங்களில். அதன் சர்க்யூட்டைப் படித்தாலே அலையை எப்படி நிற்க வைப்பது, எதிரொலியை ஃபில்டர் போட்டு எப்படி வெட்டுவது என்று புரியும். அதன் பிறகு உங்கள் ஒற்றை டிரான்சிஸ்டரைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

அதுவரை இரண்டு வேலை. பழைய டயல் வைத்த எஃப்.எம். ரேடியோ ஒன்றை 90-இல் வையுங்கள். இன்னொரு ரேடியோவை ஒட்டி வைத்து 100.7 பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கும் ஒரு இடம் வரும். முதல் ரேடியோவின் உள்ளே அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், கேட்கும் அலையைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே ஓடி, வெளியே கசிகிறது. அதாவது ரிசீவரே ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். சிப் வைத்த புது செட்டுகளில் இது சரியாக வராது, வீட்டுப் பரணில் கிடப்பதை எடுங்கள்.

இன்னொன்று, கோடையில் காற்றில்லாத சாயங்காலம் சில்வர் பீச் பக்கம் ரேடியோவோடு போங்கள். கடல் மேல் சூடான காற்று அடுக்காக நின்றால் எஃப்.எம். அலை அந்த அடுக்குக்குள் மாட்டி வெகுதூரம் ஓடி வரும். யாழ்ப்பாணம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல், ஆனாலும் இலங்கை ஸ்டேஷன்கள் பக்கத்து ஊர் மாதிரி வந்து விழும். சூரியன் என்று பேர் கேட்டால் குழம்ப வேண்டாம், அந்த ஊர் சூரியன் வேறு, நம்ம ஊர் சூரியன் வேறு. தேதி, நேரம், அலைவரிசை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.