காதுக்குப் பஞ்சு போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காது பற்றியவை. திருவிழாவும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் தருகிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பதினான்கு வருடமாக அரிசி ஆலையில் பாலிஷ் மெஷின் பக்கம் வேலை பார்க்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் போகிறார். ஆனாலும் ஆறு மாதமாக, ராத்திரி படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்கிறார். இணையத்தில் பத்து ரூபாய்க்கும் காதடைப்பான் விற்கிறார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் விற்கிறார்கள். எதை வாங்குவது? (புதுவயல்)

பதில்: முதலில் அந்தப் பஞ்சை எடுத்துப் போடச் சொல்லுங்கள். விளக்குத் திரிக்கு ஆகும், ஆலைச் சத்தத்துக்கு ஆகாது. சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள்; சாதாரணப் பஞ்சு அதில் சில டெசிபல்களைத்தான் குறைக்கும். அதைவிடப் பெரிய கெடுதல், ‘காதை அடைத்திருக்கிறோம்’ என்ற தைரியத்தில் மனிதர் மெஷினுக்கு இன்னும் பக்கத்தில் போய் நிற்பார்.

ஆலைக்குள் சத்தம் எவ்வளவு என்று அறிய மீட்டர் தேவையில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அங்கே 85 டெசிபலுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போகும் கணக்கு கூட்டு வட்டிக் கணக்கு. வட்டிக் கணக்கில் ஊறிய நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று டெசிபல் ஏறினால் காதுக்குள் போகும் ஆற்றல் இரட்டிப்பாகிறது, தாங்கும் நேரம் பாதியாகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம், 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே ஒரு மணி. நூறைத் தொட்டால் 15 நிமிடம்தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை அனுமதித்து வந்திருக்கின்றன. காதுக்கு அந்தச் சலுகையெல்லாம் தெரியாது.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். கையால் உருட்டி உள்ளே வைக்கும் ஃபோம் வகை போதும். ஜோடி பத்து இருபது ரூபாய்தான். பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். (NRR) அல்லது எஸ்.என்.ஆர். (SNR) என்று, எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைச் சொல்லும் ஓர் எண் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் ‘சவுண்ட் புரூஃப்’ என்று மட்டும் போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். எண் 29 என்று இருந்தால் 29 டெசிபலும் குறையும் என்று நம்பிவிடவும் வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில், பழகியவர்கள் பார்த்துப் பார்த்து வைத்தபோது கிடைத்த எண். ஃபோம் வகைக்கு அதில் பாதியை எடுத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அப்போதும் 94 டெசிபல் ஏறக்குறைய 80 ஆகிறது. ஒரு மணி நேரம் தாங்கும் காது முழு ஷிஃப்டும் தாங்குகிறது என்று அர்த்தம். பத்து ரூபாய்க்கு இது லாபமான வியாபாரம்.

வைக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு, விரல்களுக்கிடையே திரி மாதிரி மெலிதாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடித்து, உருட்டியதை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேர் சட்டைப் பொத்தானைக் குத்துவது போலக் காது வாயிலில் குத்திவிட்டு வருகிறார்கள். அதற்குப் பஞ்சே தேவலாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால் என்ன ஆகும்? முழுதாக 30 டெசிபல் குறைக்கும் அருமையான அடைப்பானாக இருந்தாலும், அன்றைய நிகரப் பயன் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். மேஸ்திரி கூப்பிட்டார், போன் வந்தது என்று உள்ளே நின்றபடியே கழற்றினால் அவ்வளவுதான். பேச வேண்டுமென்றால் வெளியே வந்து கழற்றச் சொல்லுங்கள். உமித்தூசி படியும் இடம் என்பதால் ஃபோமை நாள்தோறும் மாற்றுவது நல்லது. காது முழுவதையும் மூடும் மஃப் வகையும் சரிதான், ஆனால் நம் வெயிலில் வேர்த்து ஊற்றி ஒரு மணி நேரத்தில் கழுத்துக்கு இறங்கிவிடும். எது காதிலேயே இருக்குமோ அதுதான் நல்லது. அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சமாசாரம் பெரும்பாலும் இசைக் கலைஞர்களுக்கானது. ஸ்வரம் மாறாமல் ஒலியை மட்டும் குறைக்கும். தவில்காரர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம், ஆலைக்கு வேண்டாம்.

சில்வண்டுச் சத்தத்துக்கு வருகிறேன். உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் சுமார் பதினைந்தாயிரம் உண்டு. போனவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். அதனால் பேச்சு கேட்கும், ஆனால் ‘ச’வும் ‘த’வும் குழம்பும். காதுக்குள் கேட்கும் இந்த இரைச்சல் பல நேரங்களில் அந்த இழப்பின் முன்னறிவிப்பு. அவரை ஒருமுறை காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறனை அளந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வேலையிடத்துச் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால் அந்தத் தாள் பேசும். அடைப்பான் வாங்கித் தருவதும் நியாயமாக முதலாளியின் செலவுதான். கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். எங்கள் பெரிய வீட்டில் முற்றத்தைச் சுற்றிய வளவிலேயே மேளம், வேட்டு எல்லாம் உண்டு. கைக்குழந்தைக்கு எட்டு மாதம். காதுக்கு ஏதாவது வாங்க வேண்டுமா, அல்லது நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா? என் அப்பத்தா சிரிக்கிறார்கள். (கானாடுகாத்தான்)

பதில்: அப்பத்தா சிரிக்கட்டும், அவர்கள் காலத்தில் பாக்ஸ் ஸ்பீக்கர் கிடையாது. நீங்கள் பயப்படுவதில் தப்பில்லை. குழந்தைகளுக்கென்றே மென்மையான பட்டையோடு மஃப் விற்கிறார்கள். பாக்கெட்டில் எஸ்.என்.ஆர். எண்ணும், இ.என். 352 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபோம் அடைப்பானைக் குழந்தைக்கு வைக்கவே கூடாது. பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். மஃபைப் போட்டபடி படுக்க வைக்கவும் வேண்டாம், நாள் முழுக்க மாட்டி வைக்கவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் வீடுதான் இங்கே முக்கியம். மார்பிள் தரை, சுண்ணாம்பு மெழுகிய வழுவழுப்பான சுவர், தேக்குத் தூண், உயரமான கூரை. இதில் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும். வளவுக்குள் அது நடக்காது, சுவர் சுவராக முட்டித் திரும்பி வரும். அதனால் ‘கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்’ என்பது இங்கே செல்லுபடியாகாது. குழந்தையோடு இரண்டாம் கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது எந்த மஃபையும்விடப் பெரிய பாதுகாப்பு, செலவும் இல்லை. கெட்டிமேளம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மஃபோடு மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி என்று ஸ்பீக்கர் அடுக்கி மூன்று மணி நேரம் அடிப்பார்களே, அதுதான் ஆகாது.

வேட்டுக்குத் தனிக் கணக்கு. நம் சட்டப்படி நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிப்பதும் விற்பதும் வெடிப்பதும் தடை. அந்த வரம்புக்குள் இருந்தாலும் பக்கத்தில் வெடித்தால் ஒரே ஒரு வெடி போதும், வருடக் கணக்கில் ஆலையில் நின்றவர் காதுக்கு வரும் கேடு வந்துவிடலாம். வேட்டுப் போடும்போது குழந்தை முகப்பில் இருக்க வேண்டாம்.

கேள்வி: காதிரைச்சலை மூன்றே மாதத்தில் வேரோடு அறுக்கும் என்று ஒரு சொட்டு மருந்தும் மாத்திரையும் விளம்பரத்தில் வருகின்றன. விலை 2,800 ரூபாய். வாங்கலாமா? (தேவகோட்டை)

பதில்: வேண்டாம். காதிரைச்சலை நிரந்தரமாகப் போக்கும் மருந்து என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று இன்று உலகத்திலேயே இல்லை. ஜிங்கோ, துத்தநாகம் போன்ற சத்து மாத்திரைகளை இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. செவிட்டுத் தன்மையைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டு மருந்துகள், மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடுக்கிறது. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது.

2,800 ரூபாயை வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். வெறும் குறும்பி அடைத்திருந்தாலும் இரைச்சல் வரும், எடுத்தால் போய்விடும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். ஜென்டாமைசின் வகை ஊசி, சில புற்றுநோய் மருந்துகள், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேராக உள்ளே போகும். தூக்கம்தான் தொந்தரவு என்றால் மின்விசிறியை ஓட விட்டுப் படுங்கள். முழு நிசப்தத்தில்தான் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். மனம் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்கு உளவியல் முறைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

ஒரே ஓர் அவசரம் உண்டு. ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாளுக்குள் மந்தமாகிவிட்டால் சளி என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மங்கிவிடும். நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கும் இரைச்சலையும், ஒரு காதில் மட்டும் கேட்கும் இரைச்சலையும்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காரைக்குடியில் ஒரு விடுதி ஹாலில் இலவசப் பரிசோதனை என்று அழைத்து, என் அப்பச்சிக்கு 78,000 ரூபாய்க்குக் காது கேட்கும் கருவி விற்றுவிட்டார்கள். போட்டால் விசில் அடிக்கிறது, பேச்சு புரியவில்லை என்கிறார். திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (பள்ளத்தூர்)

பதில்: என் வீட்டுக் கதையே இதுதான். என் மாமனாருக்கு வாங்கிய கருவி இரண்டு வருடம் அலமாரியில் வெள்ளி டம்ளர்களுக்குப் பக்கத்தில் தூங்கியது. பிறகு வேறோர் ஒலியியல் நிபுணர் (ஆடியாலஜிஸ்ட்) காதுக்குள் பொருந்தும் அச்சு எடுத்து மாற்றி, ஒலி அளவைத் திருத்தியதும் விசில் நின்றது. ஆகவே முதலில் கருவியைக் குற்றம் சொல்லாமல், பொருத்தியதைச் சோதியுங்கள். விசில் பெரும்பாலும் காது அச்சு சரியாக உட்காராததால் வருவது. ஹாலில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே எடுத்த பரிசோதனை பரிசோதனையே அல்ல. ஒலி புகாத அறையில், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஒலியியல் நிபுணர் எடுக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து பில்லைப் பாருங்கள். காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, போட்டிருந்தால் அதையே முதல் கேள்வியாகக் கேட்கலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் முத்திரை குத்தியிருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஆனால் ‘பிடிக்கவில்லை’ என்பது குறை ஆகாது. அதனால் இன்னொரு நிபுணரிடம் கருவியைக் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் ஆகவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவத்திலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் உண்டு.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் வைத்துப் பார்க்கச் சில நாள் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அப்பச்சியைக் கடையின் அமைதியான அறையில் சோதிப்பதைவிட, சந்தைப்பேட்டைக் கூச்சலில் ஒரு நாள் நடக்க விட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: விடிகாலை நாலரைக்கே கூம்பு ஸ்பீக்கர் போடுகிறார்கள். கேட்டால் சாமி காரியம் என்கிறார்கள். (கண்டனூர்)

பதில்: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு தளர்த்தலாம், அதுவும் நள்ளிரவு 12 வரைதான், வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் அல்ல. விடிகாலைக்குத் தளர்வே இல்லை. காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன், கூம்பின் வாயைத் தெருப் பக்கத்திலிருந்து கோயில் பக்கம் திருப்பச் சொல்லி ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் அது நடந்தது.

கேள்வி: வாரா வாரம் பல்லவன் ரயிலில் சென்னை போய் வரும் மகன், இரைச்சல் நீக்கும் இயர்போன் கேட்கிறான். உண்மையிலேயே காதுக்கு நல்லதா, வெறும் பகட்டா? (காரைக்குடி)

பதில்: வாங்கிக் கொடுக்கலாம். ரயிலின் அடித்தொனி இரைச்சலை அது நன்றாக விழுங்கும். அதனால் பாட்டின் ஒலியை ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது. நன்மை அதில்தான். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல போன்களில் இந்தக் கணக்கை அதுவே வைத்து எச்சரிக்கும் வசதி உண்டு, முடுக்கிவிடச் சொல்லுங்கள். ஆலைக்கோ வேட்டுக்கோ இது பாதுகாப்பு அல்ல. பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகையையும் இது முழுதாக நிறுத்தாது. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.