பெயின்டைப் பிறகு பார்க்கலாம்: மொரிஸ் மைனர் கேள்வி பதில்

பழைய மொரிஸ் மைனர் காரை வாங்கித் திருத்தி விற்பது பற்றித் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

நிலாவெளியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மொரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா அண்ணா? (உப்புவெளி)

கடற்கரையில் நின்ற கார் என்றால் முதலில் அடியில் படுத்துப் பாருங்கள் தம்பி. இந்தக் காருக்குத் தனிச் சேசி, அதாவது தனி அடிச்சட்டம், இல்லை. உடல்தான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு, பின் ஸ்பிரிங் பூட்டும் இடம், முன் இருக்கைக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் மூன்றும் கறள் தின்றிருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, ஓட்டையை மூடப் பூசிய பட்டி. ஜக்கில் தூக்கிக் கதவை மூடுங்கள். இடித்தால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். ஒரு மைனரை விற்பதற்காகப் பளபளவென்று பச்சை அடித்து நிறுத்தியிருந்தேன். கண்டியிலிருந்து வந்த பெரியவர் பெயின்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துப் பின் ஸ்பிரிங் பூட்டில் குத்தினார். பிடிவரை இறங்கியது. “நல்ல நிறம், தம்பி” என்றார். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கையில் காசு குறைவு. எதில் தொடங்குவது? (கிண்ணியா)

பத்து ரூபாய் இருந்தால் ஆறு தகர வேலைக்கு, இரண்டு பிரேக்குக்கு. மிச்சம்தான் அழகுக்கு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரையோடு சேர்ந்த சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டைக் கழற்ற, முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற தண்டு வழிவிடாது. அதனால்தான் பல கராஜ்களில் அதைத் தொடாமலே “சரி” என்பார்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிறீஸ் போகிறதா என்றும் பாருங்கள். அதன் மரை தேய்ந்தால் ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்துவிடும்.

ஜப்பான் எஞ்ஜின் போட்டால் விலை கூடுமா? (உவர்மலை)

குறையும். இந்தக் காரைத் தேடி வருபவர் அதன் சொந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். 1956இல் வந்த 948 சி.சி. எஞ்ஜின் உயிரை விட்டிருந்தால், 1962க்குப் பிந்திய 1098 சி.சி. எஞ்ஜினைத் தேடுங்கள், அதே குடும்பம்தான். புதிய எஞ்ஜின் இலக்கத்தைப் பதிவில் மாற்ற மறக்காதீர்கள்.

எந்த மாதத்தில் பெயின்ட் அடிக்கலாம்? (தம்பலகாமம்)

வாடையில் ஈரம்: பூச்சு வெள்ளை பூத்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் புழுதி. பங்குனி, சித்திரையில், தரையை நனைத்துவிட்டு விடியற்காலையில் அடியுங்கள்.

அப்பாவின் கார், ஐயா. அவர் காலமாகிவிட்டார். பதிவுப் புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான். திருத்திவிட்டு விற்கவா? (நகரிலிருந்து ஓர் ஆசிரியை)

முதலில் பெயரை மாற்றுங்கள், மகள். புத்தகத்திலுள்ள சேசி இலக்கம் காரிலுள்ள தகட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு மங்கியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும். அப்பா சேர்த்து வைத்த கராஜ் ரசீதுகள் அலுமாரியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வாங்க வருபவர் அவற்றைத்தான் முதலில் புரட்டுவார்.