கடன், வசூல், சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பீடி சுற்றுகிறேன். குழு லோனில் இரண்டு தவணை நின்றுவிட்டது. லோன்காரர் ராத்திரி ஏழு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பணம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்றும் மிரட்டுகிறார். என்ன செய்வது?
*- வாசகி, குடியாத்தம்*

பதில்: லோன் கட்ட முடியாமல் போவது குற்றமில்லை. அது சிவில் கணக்கு. அதற்காக மட்டும் போலீஸ் உங்களைப் பிடிக்க முடியாது. குழு லோன் மாதிரியான சிறு கடனுக்கு (நுண்கடன்) ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன்கூடச் செய்யக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு செய்வது எல்லாமே தடை.

வசூல் நடக்க வேண்டிய இடம் சென்டர் மீட்டிங், அதாவது தவணை கட்டக் குழு கூடும் இடம். நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே போகாவிட்டால்தான் அவர் வீட்டுக்கு வரலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: கையில் பணமில்லை என்று மீட்டிங்குக்கே போவதில்லை. வெறுங்கையோடாவது போங்கள், வந்ததை மீட்டிங் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, பெயர், தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். லோன் கார்டில் புகார் அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். அவருக்கு நடந்ததை எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. சிலிண்டர், கட்டில் என்று எதையாவது தூக்கப் பார்த்தால் 30 நாள் காத்திருக்காதீர்கள், உடனே 100-க்கு அடியுங்கள்.

புகார் கொடுத்ததால் கடன் தீர்ந்துவிடாது. மாதம் எவ்வளவு முடியும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: 2018-ல் நின்றுபோன கிரெடிட் கார்டு பாக்கி. அதன்பிறகு ஒன்றும் கட்டவில்லை, வழக்கும் வரவில்லை. "ஆயிரம் ரூபாய் போடுங்க சார், முடிச்சுத் தர்றோம்" என்று இப்போது போன் வருகிறது.
*- வாசகர், காட்பாடி*

பதில்: போடாதீர்கள். இந்த மாதிரி பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் கழிக்கச் சொன்னது. கழித்தாலும் உங்கள் கெடு முடிந்துவிட்டது. ஆனால் "கட்டுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும். கெடு முடியாதவர்களுக்கு இன்னொரு வம்பு: நடுவில் கொஞ்சம் கட்டி அது எழுத்தில் பதிவானால், 3 வருடம் அன்றிலிருந்து திரும்ப ஓடும்.

கெடு முடிந்தாலும் வங்கி கேட்கலாம், சிபிலிலும் அடிபடும். செட்டில் செய்வதென்றால், தொகை குறிப்பிட்ட கடிதம் வங்கியின் லெட்டர்பேடில் முதலில் கைக்கு வரட்டும். பணம் கார்டு கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்டின் ஜிபேவுக்கு அல்ல. கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். முழுதாகக் கட்டியதற்குச் சமமாக அதை வங்கிகள் பார்ப்பதில்லை.

கேள்வி: மார்க்கெட்டில் மீட்டர் வட்டிக்கு வாங்கினேன். நிரப்பாத செக் கடன் கொடுத்தவரிடம் இருக்கிறது. என்ன செய்வது?
*- வியாபாரி, வேலூர்*

பதில்: மீட்டர் வட்டி, கந்து வட்டி இரண்டுமே 2003-ம் வருடத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம், 3 வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், செக் நம்பரை அதில் கட்டாயம் எழுதுங்கள். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். வழக்கறிஞர் மூலம் பதிலும் அதற்குள் போய்விட வேண்டும். தபால்காரரிடம் வாங்க மறுக்காதீர்கள், மறுத்தாலும் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.