கழற்றிய விமானத்தை டிரெய்லரில் ஏற்றும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1946-ல் தயாரான பைபர் ஜே-3 கப் விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன், ஐயா. பத்து வருடமாக ஷெட்டில் நின்றதால் பறக்கும் தகுதிச் சான்று காலாவதியாகிவிட்டது. இறக்கைகளைக் கழற்றி, திறந்த டிரெய்லரில் 900 கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் கப் மணிக்கு 60 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டினாலே காற்றில் நிற்கக்கூடியது. டிரெய்லரை இழுக்கும் வண்டியோ நெடுஞ்சாலையில் 80-ல் போகும். நீங்கள் கட்டிவைத்திருக்கும் இறக்கை வழிநெடுக, பறக்கும் வேகத்திலேயே இருக்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-ஐ 100 ஆக்கினால் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். எதிரே வரும் லாரி தள்ளிவிடும் காற்று தனி. காலி கப்பின் எடை ஏறத்தாழ 345 கிலோதான். அதனால் எடையைப் பற்றிப் பயமே வேண்டாம், காற்றுக்கும் குலுக்கலுக்கும் பயப்படுங்கள்.

இறக்கையைப் படுக்கப் போடாதீர்கள். படுத்த இறக்கைக்குக் கீழே காற்று புகுந்தால் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். முன்விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி நிறுத்துங்கள். பின்விளிம்பு மெல்லியது, எதையும் தாங்காது. இறக்கையின் அடிப்பக்கத்தில், உடலோடு இணையும் இடத்தில், ஸ்பார்களின் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புச் சட்டங்கள்) முனையில் போல்ட் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளிலேயே போல்ட் போட்டு நிறுத்தும்படி ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளுங்கள். பறக்கும்போது இறக்கை மொத்தச் சுமையையும் விமானத்துக்குக் கடத்தும் இடங்களில் அது ஒன்று. இன்னொன்று ஸ்ட்ரட், அதாவது உடலிலிருந்து இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பம், மாட்டும் இடம். அதன் அருகே ஓர் அகலமான கான்வாஸ் தூளியில் இறக்கையை உட்கார வையுங்கள். இறக்கையைப் போர்த்தியிருக்கும் துணியின் மீது கயிறு மட்டும் படவே கூடாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் ஏற்றிய இறக்கைக்கு அடியில் பழைய கம்பளிகளை மடித்துப் போட்டிருந்தேன். டிரெய்லர் தரையில் ஒரே ஒரு போல்ட்டின் தலை விரல்நகம் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க வண்டி ஓடியதில் கம்பளி மெல்ல நகர்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் துணியில் நாணயம் அளவுக்கு ஓட்டை. விரலை விட்டுத் தடவினேன், உள்ளே ரிப்பின் (இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டம்) முனை நசுங்கி இருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து எதையும் ஏற்றும் முன் டிரெய்லரின் தரை முழுவதையும் வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தப்பியது கைக்குச் சிக்கும்.

அடுத்து உடல் பகுதி. எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து துணி போர்த்திய கூடு அது. மேலே குறுக்காகப் பட்டையைப் போட்டு ராட்செட்டால் இறுக்குவதைப் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மெல்லிய குழாயும் அதன் மேலுள்ள சட்டமும் வளைந்துவிடும், துணிக்கு அடியில் இருப்பதால் வெளியே தெரியவும் தெரியாது. பட்டைகளைச் சக்கரங்களுக்கு அருகே, அச்சில் கட்டுங்கள். கப்பின் சக்கரக் கால்கள் ரப்பர் வடத்தின் இழுவையில் நிற்பவை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவை துள்ளும், துள்ளும்போது பட்டை தளரும். அதனால் அந்த ரப்பர் வேலை செய்யாதபடி அடியில் மரத் தாங்கி கொடுத்துவிட்டு அப்புறம் இறுக்குங்கள். முதல் 20 கிலோமீட்டரில் கட்டாயம் நிறுத்தி எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். தளர வேண்டியவை பெரும்பாலும் அதற்குள் தளர்ந்திருக்கும்.

புரொப்பெல்லரைக் கழற்றித் தனியாகப் போர்த்தி வையுங்கள். கழற்றும் முன், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருப்பதாகவே நினைத்துப் புரொப்பெல்லரைக் கையாளுங்கள். பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட்டையும் தூசி போகாமல் அடையுங்கள். ஒட்டும் டேப்பைத் துணி மேல் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

கேள்வி: என் டிரெய்லரில் வால் முன்னால் இருக்கும்படி ஏற்றினால்தான் இடம் சரியாக இருக்கிறது. அப்படிச் செய்யலாமா?

பதில்: முடிந்தவரை வேண்டாம். வாலில் அசையும் பலகைகளான ரடர் (இட வலமாகத் திருப்புவது), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது) இரண்டுக்கும் கீல் முன்பக்கம் இருக்கிறது. எதிர்க்காற்றில் அவை அடங்கி நிற்கும். பின்னாலிருந்து காற்று அடித்தால் கதவு மாதிரி அடித்துக்கொண்டு, கீலையே பிய்த்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் ஆடத் தொடங்கும். கனமான எஞ்சின் பின்னால் போனால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். வேறு வழியே இல்லையென்றால் ரடரையும் எலிவேட்டரையும் கழற்றிவிட்டு, டிரெய்லரின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் எடை விழுகிறது என்று அளந்து பார்த்து ஏற்றுங்கள். வாலின் கிடைப் பலகைகள் எப்படியும் கழன்றாக வேண்டும். அவற்றின் மொத்த அகலம் இரண்டரை மீட்டரைத் தாண்டும், பல நாடுகளில் சாலைக்கு அனுமதித்த அகலமே அவ்வளவுதான்.

கேள்வி: பழைய விமானத்தைக் கழற்றுவதே அதற்குச் செய்யும் கெடுதல் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. 1925-ல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் மோத்துக்கு மடக்கும் இறக்கைகள் வைத்ததே, சின்ன இடத்தில் நிறுத்தவும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகவும்தான். கிளைடர் ஓட்டுபவர்களில் பலர் இன்றும் கழற்றி டிரெய்லரில் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவசரமாகக் கழற்றினால்தான் கெடுதல்.

கேள்வி: கழற்றிய போல்ட், வாஷர், கேபிள் எல்லாம் திரும்ப மாட்டும்போது குழம்பாமல் இருக்க என்ன வழி?

பதில்: போல்ட்டைக் கழற்றியதும் அதே வாஷர்களோடு, அதே துளையில் திரும்பப் போட்டு, நட்டை விரலால் முடுக்கிவிடுங்கள். அதைவிட நல்ல டப்பா கிடையாது. அப்படிப் போட முடியாதவற்றைத் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம், இடதா வலதா, வாஷர் எத்தனை என்று எழுதிவையுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். கேபிளை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் தளர்த்தும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், திரும்ப இழுவிசை சரிசெய்யும்போது பாதி வேலை முடிந்திருக்கும். திருகுகள் தானாகக் கழலாமல் கட்டியிருக்கும் பாதுகாப்புக் கம்பியை வெட்டினால் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

மாட்டி முடித்ததும் உரிமம் பெற்ற எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சரி, அவர் வருவதற்கு முன் நீங்களே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஏலரான் பலகைகளின் கேபிள்கள் இடம் மாறி மாட்டப்பட்டு, அது தெரியாமல் கிளம்பிய விமானங்கள் விழுந்திருக்கின்றன. கட்டுப்பாடு தடையில்லாமல் அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே இடது இறக்கைக்குப் பின்னால் நில்லுங்கள். அந்த ஏலரான் மேலே எழ வேண்டும், வலப்பக்கத்தது கீழே இறங்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.